டிஸ்க்குக்கு நேரே நிக்காதேங்கோ

அந்தக் கதிரையைக் கொஞ்சம் இஞ்சால இழுத்துப் போடுங்கோ சேர். மெசின் ஓடேல்லை, வயரும் கழட்டித்தான் கிடக்கு. எண்டாலும் டிஸ்க்குக்கு நேரே ஆர் இருந்தாலும் எனக்குச் சரிவராது. தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது.

இந்த இரும்பு வெட்டுற மெசினை எப்பிடிச் செற் பண்ணுறதெண்டு கேட்டனீங்கள். டிஸ்க் உடைஞ்சு மெல்ரோய் செத்த நாள் தொடக்கம் வாற பொலிஸ் ஆக்கள் எல்லாரும் அதைத்தான் கேக்கினம். என்னட்டைக் கேட்டதும் சரிதான். கொட்டாஞ்சேனையில இந்த வேக்சொப் திறந்த காலத்தில இருந்து அது என்ர வேலை. வெள்ளவத்தை பிளட்டுகளுக்குப் போற பல்கனிக் கிறில் முழுக்க இதிலதான் வெட்டுப்படுறது.

முதல் வயரைக் கழட்டவேணும். பிறகு டிஸ்க்கை வெளிச்சத்தில பிடிச்சு, கீறல் இருக்கோ, நனைஞ்சிருக்கோ எண்டு பாக்கவேணும். விரல்ல மாட்டித் தொங்கவிட்டு ஸ்குறூட்றைவர் பிடியால மெல்லத் தட்டினால் நல்ல டிஸ்க் கணீரெண்டு கேக்கும். வெடிச்சதெண்டால் வெடிச்ச சட்டி மாதிரிக் கேக்கும். பூட்டினாப் பிறகு நட்டை அளவா இறுக்கி, டிஸ்க்கை மறைக்கிற மேல் மூடி தானாத் திரும்பி விழுகுதோ எண்டு பாத்து, வெட்டுற பைப்பை அசையாமல் பிடிச்சு இறுக்கவேணும். கடைசியா ஒண்டும் வெட்டாமல் ஒரு நிமிசம் சும்மா ஓடவிட்டிட்டு விலத்தி நிக்கவேணும். உடையிற டிஸ்க் அனேகமா அப்பதான் உடையும். நேரே ஆக்கள் இல்லாட்டி ஒருதருக்கும் ஒண்டும் நடக்காது.

மெல்ரோய் என்ர தங்கச்சி யோசெப்பினின்ர ஒரே மகன். நாந்தான் கூட்டிவந்து இஞ்ச சேர்த்தனான். அண்ணா, அவனைப் பாத்துக்கொள் எண்டு தங்கச்சி சொன்னவள். கெட்டிக்காரன், கை வேகம். ஆனால் அந்த ஒரு நிமிசம் அவனுக்குப் பொறுக்காது. மூடியைக் கம்பியால மேல கட்டிப்போட்டுத்தான் வெட்டுவான். நான் வாயைத் திறந்தால், பாதர் பிரசங்கம் தொடங்கிட்டார் எண்டுவான், எல்லாரும் சிரிப்பாங்கள். கடைசியில தேத்தண்ணி கொண்டுவாற அங்கம்மாவும் என்னைப் பாதர் எண்டுதான் கூப்பிட்டவ.

எனக்குக் கோவம் வரேல்லை சேர். கவலைதான் வந்தது. அவனைப் பாத்து மற்றவங்களும் மூடியைக் கட்டத் தொடங்கிட்டாங்கள். ஆரோ ஒருதர் இதில சாகத்தான் போறார் எண்டு எனக்கு விளங்கிட்டுது. அப்பிடியெண்டால் சொல்லுக் கேட்டு நடக்கிற ஒருதன் ஏன் சாகவேணும்? நான் யோசிச்சது அவ்வளவுதான். நியாயம்தானே.

றொஹானை விடுங்கோ. ஸ்ரோரில நிண்டு பழைய டிஸ்க்கைக் குடுத்தவன் எண்டு அவனைப் பிடிச்சு உள்ளுக்க வைச்சிருக்கிறீங்கள். அவன்ர மனிசி வாசல்ல வந்து நிண்டு அழுதிட்டுப் போறா. அவன் குடுத்தது புது டிஸ்க். அது என்ர அலுமாரிக்குள்ள உறை கிழியாமல் இருக்கு. இந்தாங்கோ திறப்பு. மெசின்ல இருந்தது நிலத்தில விழுந்து வெடிச்ச ஒண்டு, எறியவேணுமெண்டு நானே எடுத்து வைச்சது. நாந்தான் பூட்டினனான். நட்டையும் அளவாத்தான் இறுக்கினனான்.

அண்டைக்குக் காலமை வெல்டிங் ஆக்கள் இருந்து வேலை செய்யிற வாங்கை அங்கால தள்ளி வைச்சனான். அங்கம்மாவைப் பின்பக்கத்தால வரச் சொன்னனான். வேறை ஒருதருக்கும் ஒரு கீறல் கூட இல்லை, நீங்களே பாத்தனீங்கள். அவனையும் பயப்படுத்தத்தான் நினைச்சனான். கையில கொஞ்சம் பட்டால் புத்தி வரும் எண்டு.

ஆனால் அவன் அண்டைக்கு வேறை மாதிரி வந்தான். மனிசி றஷ்மிக்கு வயித்தில பிள்ளை எண்டு முதல் நாள் பின்னேரம்தான் தெரிஞ்சிருக்கு. வந்தவுடன மூடியில கட்டின கம்பியைத் தானே குறட்டால வெட்டி எறிஞ்சான். கண்ணுக்குக் கண்ணாடி போட்டான். பிறகு என்னைத் திரும்பிப் பாத்தான், முகத்தில பகிடி இல்லை.

"மாமா, ஓட்டிப் பாத்தாச்சோ?"

இத்தனை வருசத்தில ஒருதரும் என்னட்டை அப்பிடிக் கேட்டதில்லை. எவ்வளவு ஆசைப்பட்டிருப்பன், அந்தக் கேள்விக்கு.

"ஓம், நான் பாத்திட்டன்" எண்டனான்.

நம்பிப்போட்டான், நேரே நிண்டு மெசினைப் போட்டான். ஒரு துண்டு மூடியையும் பிச்சு, கூரைத் தகரத்தைத் துளைச்சுக்கொண்டு போச்சு. மற்றது அவன்ர கழுத்தில.

ஓட்டையை அடைக்கச் சொல்லி முதலாளி சொன்னவர், நாந்தான் இருக்கட்டும் எண்டனான். மத்தியானத்தில அதுக்குள்ளால வெயில் வந்து இந்த மெசின்ல விழும். எங்க இருந்தாலும் அந்த நேரத்துக்கு வந்து பாப்பன். மற்ற மெசினுகளில இப்ப எல்லாரும் ஒரு நிமிசம் ஓடவிட்டு விலத்தி நிக்கினம், ஒரு மூடியிலயும் கம்பி இல்லை. நான் சொல்லிச் சொல்லி நடக்காதது நடக்குது. சந்தோசமா இருக்கவேணும், இல்லையே. ஆனால் அந்த நிமிசம் முழுக்க எனக்கு அவன்ர குரல்தான் கேக்குது, ஓட்டிப் பாத்தாச்சோ எண்டு. வீட்டில சோத்துக் கோப்பையையும் தட்டிக் காதுக்குக் கிட்ட வைச்சுப் பாக்கிறன். யோசெப்பின் அதைக் கண்டிட்டு, அண்ணா மகனை நினைச்சு உருகிப்போனார் எண்டு அழுறாள்.

பயப்படுத்தத்தான் எண்டு எழுதுங்கோ. கொல்லுற எண்ணம் எனக்கு இருக்கேல்லை. நான் அவனில வைச்ச பாசம் தங்கச்சிக்குத் தெரியும், கேட்டுப் பாருங்கோ. செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியார் கோயிலுக்குப் போய் அவன்ர ஆத்தும இளைப்பாற்றிக்கு மெழுகுதிரி கொளுத்துறன். டிஸ்க் உடைஞ்சது புதன்கிழமை. முதல் திரி கொளுத்தினது அதுக்கு முதல் நாள்.