அக்காவுக்காகப் பேச வேண்டியவன்

"கீழே போங்க! எல்லாரும் கீழே போங்க!"

நாற்காலி ஒன்று சுவரில் மோதுகிறது. பிளாஸ்டிக் முறியும் சத்தம். அடுத்து கண்ணாடி. மாடிப்படியில் வெறுங்கால்கள் தடதடக்கின்றன. ஒரு குழந்தை வீறிடுகிறது. கூட்டத்தின் நடுவில் என் அக்கா லட்சுமி. யாரோ அவர் கைப்பையைப் பிடித்து இழுக்கிறார்கள். அவர் திரும்பித் திரும்பி யாரையோ தேடுகிறார். என்னைத்தான். என் கை பின்கதவின் தாழ்ப்பாளில் இருக்கிறது. அவர் கண்ணில் படுவதற்குள் இரும்புப் படியில் இறங்கிவிடுகிறேன்.

மலேசியா, கிள்ளான் நகரம், தெங்கு கிளானா சாலை. ஞாயிறு காலை. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. மேலே எங்கள் சபை. கோவிட் கட்டுப்பாடுகள் தளர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

இதைப் போர் என்றால் சிலர் சிரிப்பார்கள். குண்டு விழவில்லையே என்பார்கள். சிரிக்கட்டும். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் துப்பியதை நான் பார்த்தேன். மறந்துவிட்டால் மறுபடியும் செய்வோம். அதனால் எழுதுகிறேன்.

எங்களுடையது சின்னக் கூட்டம். அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவான மோர்மன்களின் ஆதி வழக்கங்கள்தான் சுத்தமானவை என்று நம்பியவர்கள். அவர்களுடைய இன்றைய பெரிய சபையோடு எங்களுக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. லோரி ஓட்டுபவர்கள், ஆஸ்பத்திரித் தாதிகள், பாசார் சந்தையில் கடை வைத்திருப்பவர்கள். முக்கால்வாசிப் பேர் என்னைப் போல் இந்துக் குடும்பத்தில் பிறந்தவர்கள். அக்காதான் முதலில் சேர்ந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் வந்தேன். அம்மா வரவில்லை. "உங்க சாமி உங்களுக்கு, என் முருகன் எனக்கு. சண்டை வேணாம்லா" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அம்மா கோவிட்டில் போனார். மருத்துவமனைக்குள் எங்களை விடவில்லை. உடலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தார்கள். முகம் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு சபைத் தலைவர் டேனியல் அங்கிள் ஒரு பழைய போதனையைக் கையில் எடுக்கிறார். செத்தவர்களுக்கும் ஞானஸ்நானம் உண்டு. உயிரோடிருப்பவர் அவர்கள் பெயரைச் சொல்லித் தண்ணீரில் மூழ்கினால் போதும். அவர்களுக்கும் பரலோகக் கதவு திறக்கும்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன். அம்மாவை மறுபடி பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் மூழ்க வேண்டும். சபையில் வைத்திருந்த நீலத் தொட்டியில் என் மனைவி இறங்கினாள். அம்மாவின் பெயரைச் சத்தமாகச் சொன்னார்கள். தண்ணீர் தளும்பித் தரையில் கொட்டியது. நான் தேம்பி அழுதேன். பக்கத்து ஊரான காப்பாரில் இருந்த அக்காவிடம் சொல்லவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அக்காவுக்கு வேறு யாரோ சொல்லித் தெரிந்தது.

எங்கள் சபையில் எதையும் கை உயர்த்தித்தான் ஏற்போம். தலைவர் கேட்பார். எல்லோரும் வலது கையை உயர்த்துவோம். பிறகு, "எதிர்ப்பவர்கள்?" என்பார். அது ஒரு சடங்கு. எந்தக் கையும் எழாது. செத்தவர்களுக்கான ஞானஸ்நானத்தைத் தொடரலாமா என்று கேட்ட அந்த வாரம் ஒரு கை எழுகிறது. அக்காவின் கை. வளையல்கள் சரிந்து ஒன்றோடொன்று மோதுகிற ஓசை கடைசி வரிசை வரை கேட்கிறது.

"அம்மா உயிரோட இருந்தப்ப வேணாம்னு சொன்னாங்க. இப்ப பேச முடியாதுன்னுதானே செஞ்சிட்டீங்க?"

பின்வரிசையில் ஒருவர் "ஆமா, சரிதானே!" என்று கத்தினார். சபை அங்கேயே உடைந்தது.

அக்கா மீது ஒழுங்கு விசாரணை அடுத்த ஞாயிறு. மூப்பர்கள் ஆறு பேர். நானும் ஒருவன். இதிலும் பழைய மோர்மன் முறைதான். மைலோ டின்னில் எண் எழுதிய சீட்டுகள். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். இரட்டைப்படை வந்தவர்கள் குற்றம்சாட்டப்பட்டவர் பக்கம் நிற்க வேண்டும். அவருக்கு அவமானமோ அநியாயமோ நடக்காமல் பார்ப்பது அவர்கள் கடமை. ஆதி மோர்மன்களிடம் நான் இன்றும் மதிக்கிற ஒரே வழக்கம் அது.

எனக்கு இரண்டு வந்தது.

அக்கா அதைப் பார்த்தார். அவர் தோள் இறங்கியது. தம்பி இருக்கிறான் என்ற நிம்மதி. அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க முடியாது.

எழுந்தேன். அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் என் மனைவி மூழ்கியது வீண். அம்மாவை இனிப் பார்க்க முடியாது. மூப்பர் பதவியும் போகும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை எனக்கு. அக்காவையும் காப்பாற்ற வேண்டும், சபையிலும் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதனால் ஒரு குறுக்கு வழி பிடித்தேன்.

"அம்மா போனதிலிருந்து அக்காவுக்கு மனசு சரியில்லை. அவங்க பேசுறத கணக்குல எடுத்துக்காதீங்க. மன்னிச்சி விட்டுருங்க" என்றேன்.

அக்கா என்னையே பார்த்தார். கோபமில்லை. அதுதான் கொடுமை.

"எனக்கு மனசு நல்லாத்தான் இருக்கு, தம்பி."

அவமானம் நடக்காமல் பார்க்க வேண்டியவன் அவமானத்தைக் கையில் எடுத்துக் கொடுத்தேன். டேனியல் அங்கிள் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். கூடப்பிறந்தவனே சொல்கிறான். பிசாசு பிடித்திருக்கிறது. உபவாசமிருந்து மனந்திரும்பட்டும். இல்லையேல் விலக்கம். விலக்கப்பட்டவரோடு யாரும் அமர்ந்து சாப்பிடக் கூடாது. அக்கா மாட்டேன் என்றார். பின்வரிசை எழுந்தது. முன்வரிசையும் எழுந்தது. முதல் நாற்காலி பறந்தது. மீதியைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

விலக்கத்தை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சாட்சி சாட்சிதான். அக்கா மகள் கல்யாணம், பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில். போனேன். மொய்க்கவரைக் கொடுத்தேன். பந்தி தொடங்கியதும் கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிட்டேன். ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. தாய்மாமன் எங்கே என்று உள்ளே மைக்கில் கூப்பிட்டார்கள். இரண்டு முறை. நான் காருக்குள் உட்கார்ந்திருந்தேன்.

சபை அதற்குப் பிறகு நீடிக்கவில்லை. பாதிப்பேர் செலாயாங் பக்கம் தனிக்கூட்டம் வைத்தார்கள். மீதிப்பேருக்குள் இன்னொரு சண்டை. டேனியல் அங்கிள் மகனோடு ஜொகூர் போய்விட்டார். மாடியில் இப்போது டியூஷன் வகுப்பு நடக்கிறது.

போன மாதம் காப்பாருக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்தார். "வா தம்பி, கைய கழுவு" என்றார். சோறு போட்டார். மீன் குழம்பு, பயற்றங்காய்ப் பொரியல். எனக்கு முன்னால் தட்டை வைத்துவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

"இங்க வந்து உக்காருக்கா. சபையே மூடியாச்சு."

"சபை மூடிருச்சு. அன்னிக்கு நீ சொன்னத யாரு மூடுறது? நீ சாப்பிடு, ஆறிரும்."

இழந்தவற்றின் கணக்கு இது. செத்தவர் யாருமில்லை. நிச்சயமாகியிருந்த ஒரு கல்யாணம் நின்றது. அண்ணன் தம்பிகள் இருவர் இன்றும் பேசுவதில்லை. பின்வரிசையிலிருந்து கத்தியவர் இப்போது எந்தச் சாமியையும் கும்பிடுவதில்லை. அம்மாவுக்கு அவர் வேண்டாமென்றதைச் செய்துவிட்டேன், திருப்பி எடுக்க வழி தெரியவில்லை. அக்கா உயிரோடு இருக்கிறார். அன்று சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தட்டில் விரல் படும் சத்தம் கேட்டது. நான் இந்தப் பக்கம் தனியாகச் சாப்பிட்டு முடித்தேன்.