ஜெசிக்காக நான் சொன்ன ஓம்

"சாரா?"

"பிரெசெந்தே!"

குரல் சாராவுடையது அல்ல. அவளுடைய தம்பி மார்க்கோ. குரலை மெல்லிசாக்கிச் சொல்கிறான். மற்றப் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள்.

பலெர்மோ. ஸ்தாசியோனே சென்ட்ராலே, நகரின் பெரிய ரெயில் நிலையம். சனிக்கிழமை காலை. கோயில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை மர்சாலாவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். கடலடியில் கிடந்த பழங்காலக் கப்பல் ஒன்று அங்கே இருக்கிறது. இந்தக் கடலின் பண்டங்கள் கைமாறிக் கைமாறி எங்கட மன்னார் மாந்தைத் துறை வரைக்கும் வந்த கதையைச் சொல்ல ஆசை. எனக்கு வரைபடம் என்றால் பைத்தியம்.

"சாரா எங்கை?"

"அரன்சீனா வாங்கப் போட்டா அக்கா. இப்ப வந்திடுவா. கத்தாதைங்கோ."

கத்தினேன். ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. கையில் அரன்சீனா என்ற பொரித்த சோற்று உருண்டையோடு சாரா ஓடி வந்தாள். முழுசாக வந்தாள்.

"என்ன அக்கா, ரெயில் இன்னும் வரேல்லைத்தானே!"

ரெயிலில் ஏறியதும் இதை எழுதத் தொடங்கினேன். பதினேழு வருடமாக யாருக்கும் சொல்லாதது.

"படு! படு!"

2009 பங்குனி. போரின் கடைசி மாதங்கள். மாத்தளன். எனக்கு ஒன்பது வயது. முதலில் தூரத்தில் டும் என்று செல் கிளம்பும். பிறகு கூவல். டும் கேட்டதும் நான் எண்ணத் தொடங்குவேன். கூவல் நின்றால் விழப்போகிறது.

வெளிக்கிட்டது 2008 ஆடியில். விடத்தல்தீவிலிருந்து. மேற்குக் கரை. பக்கத்தில்தான் மாந்தை. முத்துக்காகக் கப்பல்கள் வந்த துறை. கிண்டினால் ரோமக் காசு வருமாம். நாங்கள் அந்தக் கரையை விட்டு ஓடினோம். அம்மா, அண்ணா அன்ரன், அக்கா ஜெசி, நான். ஒரு ரக்டர் பெட்டி நிறையச் சாமான். அப்பா அப்போதே பலெர்மோவில். அங்கே கால்சாப் பகுதியில் ஒரு வெள்ளைக்காரச் சின்யோரா வீட்டில் வேலை.

வெள்ளாங்குளத்தில் கதவு நிலைகளை இறக்கினோம். கிளிநொச்சியில் கூரைத் தகரம். உடையார்கட்டில் தையல் மெசின். அதற்குப் பிறகு பங்கர் மண்மூட்டைக்குச் சீலையைக் கையாலேயே தைத்தோம். அந்தக் காலத்து வியாபாரிகள் சுமையோடு கடலுக்கு வந்தார்கள். நாங்கள் சுமையை இழந்து இழந்து மற்றக் கடலுக்கு வந்து சேர்ந்தோம். கிழக்குக் கடல். அதற்கு மேல் போக நிலம் இல்லை.

செல்லடி தொடங்கினால் அம்மா பங்கர் வாசலில் நிற்பா. பெயர் கூப்பிடுவா. அன்ரன்? ஓம். ஜெசி? ஓம். சின்னவள்? ஓம். மூன்று ஓமும் கேட்டபிறகுதான் தான் இறங்குவா. நாள் முழுக்க இதுதான். எங்களுக்கு அலுத்துப்போச்சு. ஜெசியும் நானும் ஒப்பந்தம் போட்டோம். அவள் தலை முழுகப் போனால் அவளுக்கும் சேர்த்து நான் ஓம் சொல்வேன். நான் விளையாடப் போனால் எனக்காக அவள்.

அன்றைக்குக் காலை ஜெசி என் காதுக்குள் சொன்னாள். "கஞ்சி லைன்ல இடம் பிடிச்சிட்டு வாறன். அம்மா கூப்பிட்டா ஓம் சொல்லு. உன்ர தவக்கைக் குரல்ல சொல்லாதை, என்ன?" என் குரல் தவளை கத்துவதுபோல் கரகரக்கும்.

கஞ்சிக் கொட்டில் கிட்டத்தான். அம்மா கத்தினால் கேட்கும்.

டும்.

"பங்கருக்கை இறங்கு! இறங்கு!"

பக்கத்துக் கொட்டில் சனமும் வந்து விழுகிறது. இருட்டு. யாருடைய கால், யாருடைய தலை என்று தெரியவில்லை.

அன்ரன்? ஓம்.

ஜெசி?

நான் சொன்னேன். ஓம். நல்லாகச் சொன்னேன். ஜெசியே ஏமாந்திருப்பாள்.

சின்னவள்? ஓம்.

அம்மா இறங்கினா. அடுத்த டும். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. கூவல் நின்றது.

விழுந்தது கஞ்சிக் கொட்டிலடியில்.

ஜெசியை அண்ணாதான் தூக்கி வந்தார். அவர் இப்போது பலெர்மோவுக்குப் பக்கத்தில், ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு உணவகத்தில் மீன் வெட்டுகிறார். அந்த நாளைப் பற்றிக் கதைப்பதில்லை. மத்தியானத்துக்குள் கடற்கரை மணலில் தாட்டோம். சிலுவை இல்லை. ஒரு பனைமட்டை மட்டும் நட்டோம்.

அம்மா அன்றைக்குக் கேட்டதை இன்றைக்கும் கேட்கிறா. ஒவ்வொரு வருடமும் மெழுகுதிரி கொளுத்தும்போது. "உள்ளுக்கைதானே இருந்தவள். நான் எண்ணினனான். என்னைத் தாண்டித்தானே வெளியில ஓடியிருப்பாள். நான் எப்பிடிக் காணாமல் விட்டனான்?"

அம்மா காணாமல் விடவில்லை. ஜெசி உள்ளே வரவே இல்லை. தெரிந்திருந்தால் அம்மா கத்தியிருப்பா. ஜெசிக்குக் கேட்டிருக்கும். ஓடி வந்திருப்பாளோ, படுத்திருப்பாளோ, தெரியாது. அந்த நாலு எண்ணிக்கைக்குள் எவ்வளவு தூரம் ஓடலாம் என்று எத்தனையோ தரம் கணக்குப் போட்டுவிட்டேன். பலெர்மோ ஸ்டேஷன் தளமேடையில்கூட ஓடிப் பார்த்திருக்கிறேன். ரெயிலைத் தவறவிட்டவள் என்று சனம் நினைத்திருக்கும்.

போனவை. விடத்தல்தீவில் வள்ளம் ஒன்று. கதவு நிலை இரண்டு. தகரம் பதினாறு. தையல் மெசின் ஒன்று. ரக்டர் பெட்டி. ஜெசி, பன்னிரண்டு வயது. அவளுடைய குழி, பனைமட்டையோடு. பங்கருக்குள் அம்மாவின் எண்ணிக்கையில் பிள்ளைகள் மூன்று. உண்மையில் இரண்டு.

நாளை ஞாயிறு. அம்மாவும் நானும் பலெர்மோவின் சாந்தா ரொசாலியா கோயில் மலை ஏறுவோம். முதல் வளைவில் அம்மா எப்போதும் மூச்சு வாங்க நிற்பா. அங்கே சொல்லப் பார்ப்பேன். எழுதியதை வாசித்து அல்ல. வாயால்.

என்ர தவக்கைக் குரலிலேயே.