கார் ஷெட் மின்பெட்டியில் நான் போட்ட பூட்டு

என் பெயர் ஆர்வல் ப்ரூயிட், தகப்பனார் பெயர் லூதர் ப்ரூயிட், வயது எண்பத்தொன்று, மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவன். டெக்ஸஸ் மாநிலம் ஹார்லன் கிரீக் ஊரில், பழைய மில் சாலையில், தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீட்டில் மகள் லவான், மாப்பிள்ளை ராய்ஸ் டீக் ஆகியோருடன் வசிக்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, ஷெரிப் அலுவலகத் துணை அதிகாரி மெர்ல் டாக்கெட் எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறார். சம்பந்தியம்மா வெர்டீயை நான் வெயிலில் சாகடிக்கப் பார்த்ததாக ராய்ஸ் கொடுத்திருக்கும் புகார் பொய். பூட்டுப் போட்டது நான்தான்.

ஜூலை பிறந்ததும் ராய்ஸ் தன் தாயாரையும், அவர் குடியிருக்கும் சக்கரம் வைத்த பயண டிரெய்லரையும் கூட்டி வந்து எங்கள் கார் ஷெட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அதன் பிறகு டிரெய்லர் கூரையில் இருக்கும் ஏசிக்காக, கிறிஸ்துமஸ் விளக்குக்கென்று நான் வைத்திருந்த மெல்லிய ஆரஞ்சு ஒயரை எடுத்து, மான் கறி ஃப்ரீசர் ஓடும் அதே பாயின்ட்டில் பக்கத்துத் துளையில் சொருகி, மிச்ச ஒயரைச் சுருட்டி, கால் தடுக்காமல் இருக்கட்டும் என்று மேலே பழைய கம்பளத்தைப் போட்டு மூடினார். அதன் பிறகு சம்பந்தியம்மா காபி போடும்போதெல்லாம், கரண்டு அதிகமானால் தானே அணைந்துகொள்ளும் பிரேக்கர் ஷெட்டில் விழுந்தது. ராய்ஸ் போய்த் தூக்கிவிட்டார். மறுபடி விழுந்தது. மறுபடி தூக்கிவிட்டார்.

அதன் பிறகு லவான் என்னை டிரெய்லர் சாமான் கடைக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்த பெண், ஒயர் தடியாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும், சுருட்டவோ மூடவோ கூடாது, அந்த லைனில் வேறு எதுவும் ஓடக்கூடாது, எலெக்ட்ரீஷியனை வைத்து டிரெய்லருக்கென்றே தனி பாயின்ட் போடுவதுதான் நல்லது என்றாள். நான் வந்து ராய்ஸிடம் அப்படியே சொன்னேன். "கடைக்காரி விக்கிறதுக்குத்தான் சொல்லுவா மாமா. ஊர்ல எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க. பலகை அடுக்கின உங்களுக்குக் கரண்டப் பத்தி என்ன தெரியும்?" என்றார். நான்கு பேர் முன்னால் சொன்னார்.

அதன் பிறகு ராய்ஸ் விழுகிற பிரேக்கரைக் கழற்றி எறிந்துவிட்டு, எங்கேயோ கிடந்த பெரிய பிரேக்கர் ஒன்றை மாட்டினார். "இனிமே விழாது பாருங்க" என்றார். விழவில்லை. ஒயர் சூடேறினாலும் விழாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அதையும் சொன்னேன். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் ராய்ஸ் வேலைக்குப் போயிருந்தபோது ஃப்ரீசரில் சாஸேஜ் எடுக்க ஷெட்டுக்குப் போனேன். தீய்ந்த வாடை அடித்தது. கம்பளத்தைத் தூக்கினால் ஒயர் சுருள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. பிளக்கைப் பிடித்தேன், பிசைந்த மாவு மாதிரி அமுங்கியது, வலது பெருவிரல் வெந்துபோனது. அதன் பிறகு பிரேக்கரை அணைத்தேன். ராய்ஸ் வந்தால் பழக்கத்தில் தூக்கிவிடுவார் என்று தெரியும் ஆகையால், மின்பெட்டிக் கதவைச் சாத்தி, வெளிக்கேட்டுப் பூட்டைக் கொண்டுவந்து போட்டேன்.

அதன் பிறகு டிரெய்லர் கதவைத் தட்டி, "சம்பந்தியம்மா, ஒயர் எரியுது, இங்க கரண்டு கிடையாது. எங்க வீட்டுக்குள்ள ஏசி ஓடுது, வாங்க" என்றேன்.

"பொகையில எச்சி துப்புற டப்பா இருக்கிற வீட்டுல நான் காலு வைக்க மாட்டேன்."

"டப்பாவ வெளிய வெச்சுட்டேன்."

"வாயையும் வெளிய வெச்சுட்டுக் கூப்பிடும்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

ஐஸ் போட்ட டீ ஜாடியைப் படியில் வைத்தேன். டிரெய்லர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவ்வப்போது கதவைத் தட்டினேன். தட்டும்போதெல்லாம் திட்டினார். திட்டு நின்றதும் லவானைக் கூப்பிட்டு, இருவருமாக அவரை வீட்டுக்குள் தூக்கி வந்து, ஈரத் துண்டு போட்டு, ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். இப்போது ஆஸ்பத்திரியில் டிரிப் ஏறுகிறது. சூப்பில் உப்பில்லை என்று நர்ஸைத் திட்டியதாக லவான் சொல்கிறாள். சாகடிக்க நினைத்தவன் கதவுக்கு வெளியே ஏன் உட்கார்ந்திருப்பான் என்பதை மட்டும் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு ராய்ஸ் வந்து சாவி கேட்டார், கொடுக்கவில்லை. இன்று காலை அதிகாரி கேட்டார், பிளக்கைப் பார்த்தபின் தருகிறேன் என்றேன். இருவரும் ஷெட்டுக்குப் போனோம். பிளக் பாயின்ட்டோடு ஒட்டிப்போய், இழுத்தும் வரவில்லை. அதிகாரி கம்பளத்தின் அடிப்பக்கம் கருகியிருந்ததைப் பார்த்தார், ஒயரின் நிறத்தைப் பார்த்தார், கடைக்காரப் பெண் எவ்வளவு தடிமன் சொன்னாள் என்று என்னிடம் கேட்டார். அதன் பிறகு வாசலுக்குப் போய் வீட்டுக்கு போன் போட்டார். "நம்ம கேம்பர் டிரெய்லர்ல ஏசிய அணைச்சிரு. ஒயரத் தொடாத, பிரேக்கர அணை. பசங்கள வீட்டுக்குள்ள கூப்பிடு. ஏன்னு வந்து சொல்றேன்" என்றார்.

இதை வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டாமே என்றார். சேர்க்காமல் கைநாட்டு வைக்க மாட்டேன் என்றேன். சேர்த்தார். சாவியைக் கொடுத்துவிட்டேன்.

நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை, உரக்கப் படித்துக் காட்டக் கேட்டேன், எல்லாம் நிஜம். வலது பெருவிரலில் கொப்புளம் இருப்பதால் இடது பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன்.

(இடது பெருவிரல் ரேகை)
ஆர்வல் ப்ரூயிட்

என் முன்னிலையில் வைக்கப்பட்டது. வலது பெருவிரல் கொப்புளத்தை நேரில் பார்த்தேன்.
மெர்ல் டாக்கெட், துணை அதிகாரி