மருமகனுக்குப் பிழிந்த பீட்ரூட்

பீட்ரூட்டைப் பச்சையாக அரைத்துச் சீலையில் பிழிய வேண்டும், டொக்டர் மகள். அவித்தால் சத்துப் போய்விடும். சீனி கூடாது; தேசிக்காய்ப் புளி இரண்டு சொட்டு விட்டால் போதும். மருமகன் என்ன சாப்பிடுகிறார், என்ன குடிக்கிறார் என்று கேட்டீர்கள். கெட்டிக்காரப் பிள்ளை நீங்கள். மறைக்க என்ன இருக்கிறது, சொல்கிறேன்.

எங்கள் சாய்ந்தமருதில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்போம். நான் பெற்ற மகள் அம்ஹாவின் பெயருக்கு வீட்டை எழுதிவிட்டு நானும் அங்கேயே இருக்கிறேன். முர்ஷித் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த மருமகன். தங்கமான பிள்ளை. விடியலில் சுபஹ் தொழுதுவிட்டுக் கடற்கரை மணலில் காரைதீவைத் தாண்டி நிந்தவூர் வரைக்கும் ஓடுவார். பீட்ரூட் சாறு குடித்தால் ஓட்டக்காரனுக்கு மூச்சுத் தாக்குப்பிடிக்கும், களைப்பும் கெதியில் ஆறும் என்று அம்ஹாதான் போனில் பார்த்துச் சொன்னாள். பிழிந்தது நான்.

சாறு நன்றாகவே வேலை செய்தது. வினை அங்கேதான் தொடங்கியது. முன்பெல்லாம் வாசலில் வந்து மூச்சிரைக்கக் குந்துபவர், இப்போது ஓடி முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே மீனும் வாங்கி வந்தார். கொழும்பில் ஒரு கொம்பனி ஓட்டக்காரர்களுக்கு வேலையும் குடியிருக்கக் குவாட்டஸும் கொடுக்கிறதாம். வந்து ஓடிக் காட்டச் சொன்னார்கள். அம்ஹா அன்றைக்கே பயணப் பெட்டியைத் துடைத்து வைத்தாள். சாற்றையும் இரண்டு கோப்பையாக்கச் சொன்னாள். எனக்கு நெஞ்சு எரிந்தது. பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு அந்தப் பெரிய வீட்டில் நான் யாரோடு கதைக்கிறது, சுவரோடா?

அந்தக் கிழமை ஒரு நாள் மருமகன் பாத்ரூமில் இருந்து சுண்ணாம்பாய் வெளுத்த முகத்தோடு வந்தார்.

“மாமி, அம்ஹாக்கிட்டச் சொல்லிப்போடாதீங்க. மூத்திரத்தோட ரெத்தம் போகுது.”

“யா அல்லாஹ், மெய்யாவா மகன்?”

“ஓம் மாமி. செக்கச் செவேரெண்டு இரிக்கி. கிட்னி பழுதாப் போச்சாக்கும்.”

பீட்ரூட் சிலருக்கு அப்படித்தான் போகும் என்று எனக்குத் தெரியும். என் மாப்பிள்ளை, அம்ஹாவின் வாப்பா, அவரும் கல்யாணமான புதிதில் பீட்ரூட் கறி தின்றுவிட்டு இப்படித்தான் கத்தினார். வைத்தியம் பார்க்கும் பரியாரி சிரித்துத் திருப்பி அனுப்பினார். சொல்ல வாயெடுத்தேன், மகள். அதற்குள் மருமகன், “இனிக் கொழும்புக்குப் போகேலாது போல” என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் மூடிக்கொண்டேன். பேசாமல் இருப்பது பொய்யில் சேராது.

“ரெத்தம் போனா ரெத்தம் ஊறோணும் மகன். அதுக்குப் பீட்ரூட்ட விட்டா வேற என்ன இரிக்கி? இன்னொரு கோப்பை குடிங்க” என்றேன்.

குடித்தார். இன்னும் சிவந்தது. இன்னும் ஊற்றினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் கொம்பனிக்குக் கதை போய்விடும் என்று பயந்தார். அதுவும் சரிதான் என்றேன். கொழும்பில் ஓட வேண்டிய அன்று, போர்த்திக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார்.

பிறகு பொருத்தம் கேட்கத் தொடங்கினார். மௌத்தாகிக் கண் மூடுவதற்கு முன் எல்லாரிடமும் மன்னிப்பு வாங்கிக்கொள்வது நம் வழக்கம்தானே. மீன்கார கச்சிமுகம்மதிடம் சூரை மீனுக்கு விலை அடித்துப் பேசியதற்குக்கூடப் பொருத்தம் கேட்டார். அந்த மனிசன் அழுது, ஒரு பாரையைச் சும்மா கொடுத்தார். நல்ல மீன். கடைசியில் மருமகன் என் கட்டிலடியில் வந்து குந்தினார்.

“மாமி, ஒங்களுக்கிட்ட ஒரு விசயத்த மறைச்சுப்போட்டன். பொருந்திக்கொள்ளுங்க. ஒங்களையும் கூட்டிப் போகத்தான் மூணு அறை குவாட்டஸ் கேட்டிருந்தன். கெடச்சாப் பொறகு சொல்லுவமெண்டு இருந்தன். ஒங்களத் தனிய விட்டுட்டுப் போக மனம் வரல்ல.”

என் கண் கலங்கிப்போனது. அவருடைய தலையைத் தடவி, “பொருந்திக்கிட்டன் மகன்” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். பிறகு எழும்பிப் போய் அன்றைய சாற்றைப் பிழிந்தேன்.

அப்படிப் பார்க்காதீர்கள். தனிமைக்குப் பயந்துதான் செய்கிறேன் என்று நானும் அதுவரைக்கும் நினைத்திருந்தேன். ஆனால் மருமகனின் குவாட்டஸில் ஒரு தேத்தண்ணி ஊற்றவும் நான் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இங்கே அவர் என் முகத்தைப் பார்க்கிறார்.

கொம்பனிக்காரர்கள் இரங்கி, அடுத்த மாதம் இன்னொரு நாள் தந்திருக்கிறார்கள். விசயம் தெரிந்து அம்ஹா அவரை உங்கள் ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தது அதனால்தான். சோதித்ததில் கிட்னிக்கு ஒன்றுமில்லை என்கிறீர்கள், அல்ஹம்துலில்லாஹ். அந்த நாள் கழியும்வரைக்கும் அதை அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், மகள். தெரிந்தால் எழும்பி ஓடத் தொடங்கிவிடுவார். இந்த வெயிலில் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

நான் போக வேண்டும். வெளியே வாங்கில் குந்தி அவர் காத்திருக்கிறார், தொண்டை காய்ந்திருக்கும். போத்தல் என் பையில் இருக்கிறது, காலையில் பிழிந்தது. பெற்ற உம்மாகூட ஒரு பிள்ளையை இப்படிப் பார்க்க மாட்டாள்.