டாங்கிக்கு வந்த சங்கிலி

"நம்ம பீரங்கி டாங்கிக்கு சங்கிலி வந்துட்ச்சு மச்சான்."

செங்கல்பட்டு போகும் பேருந்தில், மாமல்லபுரம் தாண்டியதும் முன் இருக்கையில் இப்படியொரு குரல். நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன். பேசியவருக்கு முப்பது வயதிருக்கும். பக்கத்தில் அதே வயதில் நண்பர்.

"இன்னாது? ஸ்கூல் லீவுல ஒட்டுனமே, அந்த பொம்மை டாங்கிக்கா?"

"அதேதான். பிரவுசிங் சென்டர்ல தேடி, வெளிநாட்டுலேர்ந்து வரவெச்சேன். ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியா வருது. ஒண்ணொண்ணா கோத்துக்கினு கீறேன். சக்கரத்த சுத்தியிருந்த பழைய ரப்பர் பட்டைதான் கோவளத்து உப்புக்காத்துல இத்துப்போச்சே."

"உப்புக்காத்தா? கொசுவத்தியில சூடு காட்டி ஒட்டுறேன்னு நீதான்டா உருக்கிட்ட! அந்தச் சண்டையிலதான ஆளுக்குப் பாதியா பிரிச்சிக்கினோம்."

"சரி வுடு. அடிப்பாகம் இப்ப சூப்பரா உருளுது. மேல வெக்கத்தான் பீரங்கி இல்ல. உன் பாதிய தூக்கிப் போட்டிருப்ப."

திருக்கழுக்குன்றம் வந்தபோது நண்பர் ஜன்னலிலிருந்து அவர் பக்கம் திரும்பினார்.

"எத்தினி வூடு மாறிட்டேன் தெரியுமா? கட்டில், பீரோ எல்லாம் லாரியில போவும். அத மட்டும் நான் மடியில வெச்சுக்கினு பஸ்ல போவேன். பீரங்கிக் குழாய் ஒடஞ்சிட்டா நீ திட்டுவியே."