பச்சைன்னா சேமிக்கறதா, அழிக்கறதா?

நல்லேப்பிள்ளி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருவர் நெல் விவசாயி. மற்றவர் அவருடைய பக்கத்து வீட்டுப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை.

"முந்தாநேத்து பச்சைப் பட்டனை அமுக்குனேன் அம்மிணி, நெல்லு விக்கப் போட்ட பதிவே அழிஞ்சு போச்சு. பால் சொசைட்டி சைட்ல பச்சைன்னா சேமிக்கறதுதான? ரெண்டும் உங்க கம்பெனி பண்ணுனதுதான?"

"ஆமாங்க அக்கா. பாலை நான் பாக்கறேன், நெல்லை வேற ஒருத்தருங்க."

"ஒரே எடத்துல இருந்துட்டு பேசிக்க மாட்டீங்களா? பதிவுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாளு."

அவள் உடனே அந்த ஆளுக்குப் போன் போட்டாள். பேசி முடித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"புகார் வந்துச்சுன்னு அவரு நேத்தே மாத்திட்டாராங்க. இப்ப நெல்லுலயும் பச்சைன்னா சேமிக்கறது."

"நல்லதுதான?"

"அதே புகாருக்குத்தானுங்க நானும் காலைல பாலை அவரு பழைய சைட் மாதிரி மாத்தினேன். இப்ப பாலுல பச்சைன்னா அழிக்கறது."

விவசாயி போனை எடுத்து மறுபடி எல்லாவற்றையும் நிரப்பினார். பச்சையைத் தொடுமுன் பக்கத்தில் பார்த்தார்.

"அமுக்கட்டுமா?"

"அமுக்குங்க அக்கா."

பதிவாகிவிட்டது. பெண் மடியில் லேப்டாப்பைத் திறந்து பாலைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். விவசாயி அவசரமாகக் கணவரை அழைத்தார்.

"ஏனுங்க, சொசைட்டியிலதான இருக்கீங்க? நான் சொல்ற வரைக்கும் எதையும் அமுக்கிப் போடாதீங்க!"