வெறும் வயிறு

திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் கேட்டாள்: "கவுன்சிலிங்குக்கு வெறும் வயித்துலதான போகணும்? தண்ணிகூட குடிக்கலக்கா."

"ரத்தமா எடுக்கப் போறாக? பேசத்தான் போற." மற்றவள் டப்பாவைத் திறந்து இட்லியை நீட்டினாள்.

"என்ன கேப்பாக?"

"நீயாச் சொல்ற வரைக்கும் காத்திருப்பாக. அழுதா அழ விட்டுருவாக. வெளிய யார்ட்டயும் சொல்ல மாட்டாக. எம் மக பேரச் சொல்லவே எனக்கு நாலு வாரம் ஆச்சு."

ஊர் நெருங்கியும் ஜன்னலோரம் இருந்தவள் கையில் இட்லி அப்படியே இருந்தது.

"எம் மகனும் சாகுறன்னைக்குச் சாப்பிடலக்கா. நான் ஏசுனேன். தட்டத் தள்ளிவிட்டுப் போயிட்டான்."

மற்றவள் டப்பாவை மூடினாள்.

"இதத்தான் தாயி அங்க சொல்லணும். இன்னைக்கு முடியலன்னா அடுத்த வாரம் சொல்லு. நானும் வருவேன்."